எந்திரம் மாறலாம், மனிதனைக் கைவிடலாமா?

பல்லாவரம் முதல் மறைமலை நகர் வரை ஒரு ரெயில் பாதை சொல்லும் கதை

மறைமலை நகரில் ஒரு பெரிய கார் தொழிற்சாலை இருக்கிறது. அமெரிக்காவின் போர்டு கம்பெனி கட்டிய தொழிற்சாலை அது.

2022-ம் ஆண்டு ஜூலை மாதம் அங்கே கடைசிக் கார் தயாராகி வெளியே வந்தது. அத்துடன் கார் உற்பத்தி நின்றது. சுமார் 2,600 பேருக்கு அங்கே நேரடியாக வேலை இருந்தது. அந்தக் குடும்பங்கள் எல்லாம் கலங்கி நின்றன.

பிறகு ஒரு நல்ல செய்தி வந்தது. 2025-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி போர்டு கம்பெனி தமிழ்நாடு அரசுடன் ஓர் ஒப்பந்தம் செய்தது. மறைமலை நகரில் 3,250 கோடி ரூபாய் முதல் போடுகிறோம் என்றது. இந்தத் தடவை கார் அல்ல. கார் என்ஜின் மட்டும். ஆண்டுக்கு 2 லட்சத்து 35 ஆயிரம் என்ஜின்கள் செய்வது திட்டம். 2029-ம் ஆண்டில் உற்பத்தி தொடங்கும் என்று அறிவித்தார்கள். 600 பேருக்கு மேல் நேரடியாக வேலை கிடைக்குமாம்.

நல்ல செய்திதான். ஆனால் இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அன்று 2,600 பேர். இனிமேல் 600 பேருக்கு மேல்.

ஏன் இந்த வித்தியாசம்? முழுக் கார் செய்ய ஆட்கள் அதிகம் வேண்டும். என்ஜின் மட்டும் செய்யக் குறைந்த ஆட்கள் போதும். இது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. எந்திரங்கள் ஆண்டுக்கு ஆண்டு கெட்டிக்காரத்தனம் பெறுகின்றன. பல பேர் சேர்ந்து செய்த வேலையை ஒரே எந்திரம் செய்து முடிக்கிறது.

அப்படியானால் எந்திரம் நமக்கு நண்பனா? எதிரியா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட நாம் வெகு தூரம் போக வேண்டாம். கடற்கரையிலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும் மின்சார ரெயிலில் ஏறினால் போதும். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம், தாம்பரம், பெருங்களத்தூர், மறைமலை நகர் என்று ஒவ்வொரு நிலையமும் ஒரு கதை சொல்லும். எல்லாம் எந்திரமும் புது யோசனையும் மனித வாழ்வை மாற்றிய கதைகள்.

பல்லாவரத்துக் கல்

முதலில் பல்லாவரம்.

1863-ம் ஆண்டு மே மாதம் 30-ந் தேதி. ராபர்ட் புரூஸ் பூட் என்ற வெள்ளைக்காரர் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அவர் பூமியின் அடியில் உள்ள பாறைகளையும் மண்ணையும் ஆராயும் இலாகாவில் வேலை பார்த்தவர்.

அது சாதாரணக் கல் அல்ல. மனிதன் தன் கையால் செதுக்கிய கல் கோடரி. இந்தியாவில் பழைய கற்கால மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்குக் கிடைத்த முதல் சான்று அதுதான்.

அதே ஆண்டில் திருவள்ளூர் அருகே அதிரம்பாக்கத்திலும் இப்படிப்பட்ட கருவிகள் கிடைத்தன. அங்கே கிடைத்த கல் கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011-ம் ஆண்டு விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள்.

அந்தக் கல் கோடரிதான் அன்றைய மனிதனின் எந்திரம். வெட்ட, கிழிக்க, உடைக்க எல்லாவற்றுக்கும் அது ஒன்றே. லட்சக்கணக்கான ஆண்டுகள் அதையே வைத்துக் காலம் தள்ளினான்.

பிறகு என்ன ஆயிற்று? கல் கோடரியும் பழசாகிவிட்டது! பெரிய கோடரிக்குப் பதிலாக, கல்லைப் பக்குவமாகத் தட்டிச் சிறு சில்லுகளாக எடுக்கும் புது முறை வந்தது. அதிரம்பாக்கத்தில் இந்த மாற்றம் சுமார் 3 லட்சத்து 85 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியது என்று 2018-ல் தெரியவந்தது.

கருவி மாறுவது நேற்று இன்று வந்த வழக்கம் அல்ல. மனிதன் தோன்றிய நாள் முதல் நடப்பது. முன்பு லட்சம் ஆண்டுகளில் நடந்த மாற்றம் இன்று பத்தே ஆண்டுகளில் நடக்கிறது. அதுதான் வித்தியாசம்.

ஊருக்குப் பெயர் தந்த தோல்

அடுத்த நிலையம் குரோம்பேட்டை.

இந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா? குரோம் என்பது ஓர் உலோகம். அதன் உப்பைக் கொண்டு தோல் பதனிடும் முறைக்குக் குரோம் முறை என்று பெயர்.

அதற்கு முன் நம் ஊரில் ஆவாரம்பட்டை போட்டுத் தோலைப் பதனிட்டார்கள். ஒரு தோல் பக்குவமாகப் பல வாரங்கள் ஆகும். குரோம் உப்பு வந்த பிறகு அதே வேலை சில நாட்களில் முடிந்தது. தோலும் மெத்தென்று வந்தது. தண்ணீர் பட்டாலும் சீக்கிரம் கெடவில்லை.

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் பல்லாவரத்தை அடுத்து ஒரு குரோம் தோல் தொழிற்சாலை ஆரம்பித்தார். தொழிற்சாலையைச் சுற்றி ஊர் வளர்ந்தது. அந்த ஊரே குரோம்பேட்டை ஆயிற்று. ஓர் உலோகத்தின் பெயரைத் தாங்கிய ஊர்!

தோல் தொழில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. ஆனால் விலையும் கேட்டது. பதனிட்ட கழிவுநீர் நிலத்தில் இறங்கியது. சுற்று வட்டாரக் கிணற்றுத் தண்ணீர் கெட்டது. பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் பல்லாவரம் வட்டாரத் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்தம் செய்யப் பொது நிலையம் அமைத்தார்கள்.

லாபம் முதலாளிக்கு உடனே தெரிந்தது. நஷ்டம் ஊர் மக்களுக்குத் தாமதமாகத் தெரிந்தது. புது முறை எது வந்தாலும் இந்த இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

நோய் மாறியது, மருத்துவமனை நின்றது

அடுத்தது தாம்பரம் சானடோரியம்.

அந்தக் காலத்தில் காசநோய்க்கு மருந்து இல்லை. நல்ல காற்று, நல்ல உணவு, ஓய்வு. இவைதான் சிகிச்சை. நோயாளியை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைப்பார்கள். அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் சானடோரியம் என்று பெயர்.

டாக்டர் டேவிட் சவுரிமுத்து 1928-ம் ஆண்டு தாம்பரத்தில் அதை ஆரம்பித்தார். 1937-ல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காசநோய்க்கு மருந்துகள் வந்தன. அப்போது ஒரு கேள்வி எழுந்தது. மருந்துதான் வந்துவிட்டதே, நோயாளியை இன்னும் மருத்துவமனையில் வைத்திருக்க வேண்டுமா? அவர் வீட்டில் இருந்தால் பிள்ளைகளுக்கு நோய் ஒட்டிக்கொள்ளுமா?

இந்தக் கேள்விக்கு உலகத்துக்கே பதில் சொன்னது சென்னை! 1956-ம் ஆண்டு சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தார்கள். மற்றவர்களுக்குச் சானடோரியத்தில் கொடுத்தார்கள். 1959-ல் முடிவு வெளியானது. இரண்டு பகுதியினருக்கும் ஏறத்தாழ ஒரே அளவு குணம். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கும் கூடுதல் ஆபத்து இல்லை.

உலகமே வழியை மாற்றிக்கொண்டது. வெளிநாடுகளில் பல சானடோரியங்கள் மூடப்பட்டன.

தாம்பரம் சானடோரியம் மட்டும் என்ன ஆயிற்று? அது மூடப்படவில்லை. நெஞ்சு நோய்களுக்கான அரசு மருத்துவமனையாக நீடித்தது. 1986-ம் ஆண்டு சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் ஆராய்ச்சி மாணவி நிர்மலாவும் எச்.ஐ.வி. கிருமி இந்தியாவுக்கு வந்துவிட்டதைக் கண்டுபிடித்தார்கள். பல இடங்களில் அந்த நோயாளிகளைத் தொடவே அஞ்சினார்கள். 1990-களில் அவர்களுக்குப் பெரிய அளவில் புகலிடம் கொடுத்தது தாம்பரம் மருத்துவமனை. 2004-ம் ஆண்டு மத்திய அரசு எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு இலவச மருந்து கொடுக்கத் தொடங்கியபோது, முதலில் தேர்ந்தெடுத்த 8 மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று.

இங்கே ஒரு பெரிய பாடம் இருக்கிறது. பழைய வேலைக்குத் தேவை குறைந்தது. ஆனால் அங்கே இருந்த டாக்டர்களின் பழக்கமும், நர்சுகளின் கைப்பக்குவமும், தொற்றுநோயைக் கண்டு அஞ்சாத மனமும் வீணாகவில்லை. அவற்றைப் புது வேலைக்குத் திருப்பினார்கள். வேலை மாறியது. ஆட்களைக் கைவிடவில்லை.

புகை போயிற்று, மின்சாரம் வந்தது

இப்போது தாம்பரம் நிலையம்.

கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ம் ஆண்டு மின்சார ரெயில் ஓடத் தொடங்கியது. தூரம் சுமார் 30 கிலோ மீட்டர். இந்தியாவில் மீட்டர் கேஜ் பாதையில் ஓடிய முதல் மின்சார ரெயில் இதுதான்.

அதற்கு முன் நீராவி வண்டி. கரி அள்ளிப் போட வேண்டும். தண்ணீர் பிடிக்க வேண்டும். வண்டி புறப்பட்டு வேகம் எடுக்க நேரமாகும். மின்சார ரெயில் அப்படி அல்ல. சட்டென்று கிளம்பும், சட்டென்று நிற்கும். ஆகையால் அடுத்தடுத்து பல வண்டிகளை விட முடிந்தது.

இதனால் வந்த மாறுதல் பெரிது. பாரிமுனையில் வேலை பார்க்கும் குமாஸ்தா மாம்பலத்திலும் பல்லாவரத்திலும் குடியிருக்கலாம் என்று ஆயிற்று. சீசன் டிக்கெட் வாங்கினால் போதும். ஏரியும் வயலுமாக இருந்த இடங்களில் வீடுகள் வந்தன. பள்ளிக்கூடம் வந்தது. காய்கறிக் கடை வந்தது. பெண்கள் தனியாகக் கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் போய் வர வழி பிறந்தது. 1937-ல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியே நகரத்தின் நடுவிலிருந்து தாம்பரத்துக்கு வந்துவிட்டது.

நஷ்டமே இல்லையா? உண்டு. அந்த வண்டிகளில் கரி அள்ளிப் போடும் பயர்மேனுக்கு இடம் இல்லாமல் போயிற்று. ஆனால் மோட்டார்மேன் வேலை வந்தது. மின் கம்பி பார்க்கும் வேலை வந்தது. மின்சார வண்டிகளைப் பழுது பார்க்கும் பணிமனை தாம்பரத்தில் வந்தது.

அந்த மீட்டர் கேஜ் மின்சார ரெயிலும் 2004-ம் ஆண்டு விடைபெற்றது. அதன் இடத்தில் அகலப் பாதை ரெயில் ஓடுகிறது. பாதை அதேதான். அதில் ஓடும் வண்டி மாறிவிட்டது.

புது உடம்பு; பழைய என்ஜின்

தாம்பரத்தைத் தாண்டினால் பெருங்களத்தூர்.

மறைமலை நகருக்கு கார் தொழிற்சாலை வருவதற்கு வெகு காலம் முன்பே இந்தப் பக்கத்தில் கார் செய்தார்கள். பெரியவர்களுக்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஞாபகம் இருக்கும். 1948-ல் ஆரம்பித்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் கார் அது. 1961-ல் ஹெரால்டு வந்தது. அந்த நாளில் இந்தியாவில் அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு என்ற மூன்று கார்கள்தான் பேர் பெற்றவை. பணம் கட்டிவிட்டுக் காருக்காகக் காத்திருக்க வேண்டும். போட்டி கிடையாது.

1983-ம் ஆண்டு டிசம்பரில் மாருதி கார் வந்தது. சின்னக் கார், குறைந்த பெட்ரோல், புது முறை. ஜனங்கள் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

ஸ்டாண்டர்டு கம்பெனி 1985-ல் ஒரு புதுக் கார் கொண்டுவந்தது. பார்க்கக் கம்பீரமான கார். வெளிநாட்டு ரோவர் காரின் உடம்பு. ஆனால் உள்ளே இருந்தது தங்களிடம் இருந்த பழைய காலத்து என்ஜின்! விலையும் அதிகம். கார் எடுபடவில்லை. 1988-ல் உற்பத்தி நின்றது.

வெளித்தோற்றத்தை மட்டும் மாற்றினால் போதாது. உள்ளே மாற வேண்டும். இது கம்பெனிக்கும் பொருந்தும், மனிதனுக்கும் பொருந்தும்.

அந்தத் தொழிற்சாலை இருந்த இடத்தில் பிற்பாடு கம்ப்யூட்டர் அலுவலகங்களும் அடுக்குமாடி வீடுகளும் எழுந்தன.

மறைமலை நகரில் கார்

கடைசியாக மறைமலை நகர்.

தமிழ் அறிஞர் மறைமலை அடிகளின் பெயரைக் கொண்ட ஊர் இது. அவருடைய பழைய பெயர் வேதாசலம். வேதம் என்றால் மறை. அசலம் என்றால் மலை. தம் பெயரையே தூய தமிழில் மாற்றிக்கொண்டவர் அவர். தனித்தமிழ் இயக்கம் கண்டவர். நம் ரெயில் பாதையில் உள்ள பல்லாவரத்தில்தான் பல ஆண்டுகள் வாழ்ந்தார். 1950-ல் காலமானார்.

சென்னை நகரத்தின் நெரிசலைக் குறைக்க அரசாங்கம் திட்டம் போட்டு உண்டாக்கிய துணை நகரம் இது. வீட்டு மனைகளும் தொழிற்சாலைகளும் சேர்ந்து வளர்ந்தன.

1995-ம் ஆண்டு போர்டு கம்பெனி மகிந்திரா கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்தது. மறைமலை நகரில் தொழிற்சாலை எழுந்தது. 1999-ல் ஐகான் கார் வந்தது. 2010-ல் பிகோ, 2013-ல் எக்கோஸ்போர்ட். இங்கே செய்த கார்கள் கப்பல் ஏறிப் பல நாடுகளுக்குப் போயின. அமெரிக்கக் கம்பெனியின் காரை அமெரிக்காவுக்கே நம் தொழிலாளர்கள் செய்து அனுப்பினார்கள்!

ஹென்றி போர்டு செய்த மாயம்

போர்டு என்ற பெயருக்கே தொழில் உலகத்தில் ஒரு தனி வரலாறு உண்டு.

முன்பெல்லாம் கார் ஓரிடத்தில் நிற்கும். தொழிலாளர்கள் அதைச் சுற்றி வந்து வேலை செய்வார்கள். 1913-ம் ஆண்டு ஹென்றி போர்டு இதைத் தலைகீழாக மாற்றினார். தொழிலாளி நின்ற இடத்தில் நிற்பான். கார் நகர்ந்து நகர்ந்து அவனிடம் வரும். ஒருவன் ஒரு திருகை மாட்டுவான். அடுத்தவன் அதை முடுக்குவான்.

பலன் என்ன? ஒரு காரைப் பூட்டி முடிக்கச் சுமார் பன்னிரண்டரை மணி நேரம் ஆனது, ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. 1908-ல் 850 டாலருக்கு விற்ற கார், காலப்போக்கில் 300 டாலருக்கும் கீழே வந்தது. பணக்காரன் மட்டுமே ஏறிய காரில் சாதாரண மனிதனும் ஏறினான்.

ஆனால் நாள் முழுதும் ஒரே திருகை மாட்டினால் மனிதனுக்குச் சலிப்பு வராதா? வந்தது. தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக வேலையை விட்டுப் போனார்கள். 1914-ல் போர்டு தினக்கூலியை 5 டாலராக உயர்த்தினார். ஏறக்குறைய இரண்டு மடங்கு! வேலை நேரத்தையும் 8 மணியாகக் குறைத்தார். எந்திரம் தந்த லாபத்தில் தொழிலாளிக்கும் பங்கு கொடுத்தால்தான் எந்திரம் ஓடும் என்று அவருக்குத் தெரிந்தது.

ஏன் மூடினார்கள்?

மறைமலை நகர் தொழிற்சாலையில் நல்ல கார் செய்தார்கள். பிறகு ஏன் மூடினார்கள்?

இந்தியாவில் போர்டு கார்கள் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. மாருதி, ஹூண்டாய் கார்களின் போட்டி பலமாக இருந்தது. பத்து ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று கம்பெனி சொன்னது. 2021-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி, இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப்போவதாக அறிவித்தது.

தொழிலாளர்கள் திகைத்தார்கள். 2022 மே, ஜூன் மாதங்களில் நியாயமான நஷ்டஈடு கேட்டு வேலை நிறுத்தம் செய்தார்கள்.

வேலை போவது என்றால் சம்பளம் மட்டும் போவது அல்ல. வீட்டுக் கடனுக்குத் தவணை கட்ட வேண்டும். பிள்ளைக்குப் பள்ளிச் சம்பளம் கட்ட வேண்டும். இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவனுக்கு இப்போது நாற்பது வயது. புது இடத்துக்குப் போனால், "இளைஞர்கள்தான் வேண்டும்" என்கிறார்கள். தொழிற்சாலைக்கு வெளியே இருந்தவர்களுக்கும் அடி விழுந்தது. உதிரிப் பாகம் செய்த சிறு பட்டறை, வாடகை வேன் ஓட்டியவர், மெஸ் நடத்திய அம்மா, எல்லோருக்கும் வருமானம் குறைந்தது.

இது மறைமலை நகரில் மட்டும் நடந்தது அல்ல. பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் நோக்கியா செல்போன் தொழிற்சாலை வந்தது. கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சீருடை போட்டு வேலைக்குப் போனார்கள். 2014 நவம்பரில் அது மூடப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து சால்காம்ப் என்ற வேறொரு கம்பெனி அதே இடத்தை வாங்கி, செல்போன் சார்ஜர் செய்யத் தொடங்கியது. மறுபடியும் வேலை வந்தது. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தப் பெண்கள் எப்படிப் பிழைத்தார்கள்? அந்தக் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை.

நாளைக்கு என்ன வரும்?

மாற்றம் இத்துடன் நிற்கப்போவதில்லை.

முதலாவது, மின்சாரக் கார். பெட்ரோல் என்ஜினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து எரியும். அந்த வேகத்தில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடும். அதனுடன் சேர்ந்து ஓடும் உறுப்புகள் ஏராளம். எண்ணெய் மாற்ற வேண்டும். தேய்ந்த உறுப்பை மாற்ற வேண்டும். மின்சாரக் காரில் பாட்டரியும் மோட்டாரும்தான் முக்கியம். அசையும் உறுப்புகள் மிகக் குறைவு. ஸ்ரீபெரும்புதூரில் ஹூண்டாயும், தூத்துக்குடியில் வியட்நாம் நாட்டு வின்பாஸ்ட் கம்பெனியும் மின்சாரக் கார் செய்யத் தொடங்கிவிட்டன.

ஜி.எஸ்.டி. சாலையோரத்து மெக்கானிக்குக்கு இது ஓர் எச்சரிக்கை. ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. மின்சாரமும் கம்ப்யூட்டரும் தெரிய வேண்டும்.

இரண்டாவது, ரோபோ. கார் உடம்பைப் பற்றவைப்பதும் வர்ணம் அடிப்பதும் இப்போது பெரும்பாலும் ரோபோவின் வேலை. நெருப்புப் பொறியும் வர்ணப் புகையும் இனி மனிதனின் நெஞ்சைக் கெடுக்காது. அது நல்லதுதான். ஆனால் அந்த மனிதனுக்கு வேறு வேலை வேண்டும்.

மூன்றாவது, செயற்கை நுண்ணறிவு. இது கை வேலையை அல்ல, மூளை வேலையைச் செய்யும் எந்திரம். கடிதம் எழுதும், கணக்குப் பார்க்கும், கம்ப்யூட்டருக்கு உத்தரவும் எழுதும். ஆகவே குளிர்சாதன அறையில் உட்கார்ந்து வேலை செய்பவர்களும், "நமக்குக் கவலை இல்லை" என்று இருக்க முடியாது.

15 நாள் சம்பளம் போதுமா?

எந்திரத்தை உடைத்துவிட்டால் தீருமா? தீராது. கல் கோடரியையே காலம் விட்டுவைக்கவில்லை. அப்படியானால் வழி என்ன?

நம் ரெயில் பாதையே வழி சொல்கிறது. தாம்பரம் மருத்துவமனையை நினைத்துப் பாருங்கள். பழைய வேலை குறைந்தபோது, கை தேர்ந்த ஆட்களைப் புது வேலைக்குத் திருப்பினார்கள். அதே வழிதான் தொழிற்சாலைக்கும் வேண்டும். எந்திரத்தை மாற்றுகிறவர்கள், மனிதன் மாறுவதற்கும் நேரமும் பணமும் கொடுக்க வேண்டும்.

இதை அரசாங்கமும் உணரத் தொடங்கியிருக்கிறது. 2025-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்த புதிய தொழில் உறவுச் சட்டத்தில், மறுபயிற்சி நிதி என்று ஒன்று இருக்கிறது. ஆட்குறைப்பு செய்யப்படும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் முதலாளி 15 நாள் சம்பளத்தை அந்த நிதியில் கட்ட வேண்டும். 45 நாட்களுக்குள் அது தொழிலாளியைச் சேர வேண்டும். புது வேலை கற்றுக்கொள்ள அந்தப் பணம். இது வழக்கமான நஷ்டஈடு போக, தனியாகக் கொடுப்பது.

நல்ல யோசனை. ஆனால் 15 நாள் சம்பளத்தில் நாற்பது வயதுக்காரர் எந்தப் புதுத் தொழிலை முழுதாகக் கற்க முடியும்? அரை மாதச் சாப்பாட்டுக்கே அது சரியாகிவிடும். பயிற்சி முடியும் வரை குடும்பம் நடக்க வழி வேண்டும். அந்தப் பொறுப்பில் முதலாளிக்கும் அரசாங்கத்துக்கும் பங்கு உண்டு.

வேலை போன பிறகு பயிற்சி கொடுப்பதைவிட, வேலையில் இருக்கும்போதே கொடுப்பது மேல். இன்று பெட்ரோல் என்ஜின் பூட்டுகிறவருக்கு இன்றே மின்சார மோட்டாரைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இளைஞர்களுக்குத் தமிழ்நாட்டில் வாய்ப்புகள் திறந்திருக்கின்றன. 71 அரசு ஐ.டி.ஐ.களில் ரோபோ, மின்சார வாகனம் போன்ற புதுத் தொழில்களைக் கற்பிக்க 2022-ம் ஆண்டு 2,877 கோடி ரூபாயில் திட்டம் போட்டார்கள். அதே ஆண்டு மார்ச் மாதம் "நான் முதல்வன்" திட்டமும் தொடங்கியது. பத்தாவது படித்த பிள்ளையை ஐ.டி.ஐ.யில் சேர்ப்பதைச் சில பெற்றோர் கவுரவக் குறைவாக நினைக்கிறார்கள். அது தவறு. கையில் தொழில் உள்ளவன் தலை குனிய வேண்டியதில்லை.

பெண் பிள்ளைகளையும் மறக்கக் கூடாது. இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில், நூற்றுக்குச் சுமார் 40 பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். நமக்குப் பெருமைதான். ஆனால் அவர்களை ஒரே எந்திரத்தின் முன் ஐந்து ஆண்டு நிறுத்திவிட்டு வீட்டுக்கு அனுப்பினால் அது முன்னேற்றம் ஆகாது. எந்திரத்தை இயக்குகிறவள் அதைப் பழுது பார்க்கவும் கற்க வேண்டும். அதைத் திட்டமிடுகிறவளாகவும் உயர வேண்டும்.

நாமும் ஒன்று செய்யலாம். வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஏதாவது புதிதாகக் கற்கலாம். தந்தை மகனிடம் கற்கலாம். தாய் மகளிடம் கற்கலாம். அதில் வெட்கம் இல்லை.

2029-ல் மறைமலை நகரில் என்ஜின் தொழிற்சாலை ஓடத் தொடங்கும்போது, அதன் வாசலில் போய் நிற்கும் இளைஞனிடம் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். "உனக்கு என்ன தெரியும்?" என்பது முதல் கேள்வி. "இன்னும் என்ன கற்றுக்கொள்வாய்?" என்பது இரண்டாவது.

நாமும் அந்தத் தொழிற்சாலையிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். "எந்திரம் மறுபடியும் மாறும் நாளில், இந்தப் பிள்ளைக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?"

வேலையில் சேரும் நாளிலேயே அதற்குப் பதில் வாங்கிவிட வேண்டும். வேலை போகும் நாளில் கேட்டால் காலம் கடந்துவிடும்.